ஆயாவின் கணக்கு நோட்டு: நினைவு மலரில் எழுதலாமா, கூடாதா?

இரண்டாங்கட்டு (ஜூலை 6, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை வருடம் இங்கே வாசித்துவிட்டு ஓடிப்போகிற ஆள் நான். இன்றைக்கு யோசனை கேட்டு வந்திருக்கிறேன்.

எங்கள் ஆயா, அம்மாவைப் பெற்றவர், போன ஆவணியில் தவறிப்போனார்கள். 93 வயது. படுக்கையில் கிடந்தது பதினோரு நாள்தான். வரும் ஆவணியில் வருடம் திரும்புகிறது. அன்றைக்கு ஒரு சின்ன நினைவு மலர் போட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று பெரிய அம்மான் (அம்மாவின் அண்ணன்) முடிவு செய்துவிட்டார். போட்டோக்கள் அவர் பொறுப்பு. ஆயாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவது என் தலையில்.

எழுத உட்கார்ந்தால் எல்லா மலரிலும் வருகிற வரிகள்தான் வருகின்றன. "வந்தவர்க்கெல்லாம் அன்னமிட்ட கை", "பொறுமையில் பூமாதேவி". ஆயாவுக்குப் பொறுமை கிடையாது. காய்காரர் தராசுத் தட்டைத் தூக்கி அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற ஆள் அவர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செட்டிநாட்டில் கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீடு ஏழு பங்கு. வளவை (வீட்டின் உள்முற்றத்தை) ஒட்டி எங்கள் பங்குக்கு வந்த அறையைச் சுத்தம் செய்தபோது, பட்டுச்சேலைகளுக்கு அடியில் ஒன்பது நோட்டுகள் கிடைத்தன. 1951-ல் ஆரம்பிக்கிறது. முதல் பக்கத்தில் 'உ', அதன் கீழே 'சிவமயம்', அப்புறம் நேராகக் கணக்கு. உப்பு, மிளகாய், வண்ணானுக்கு, நாவிதருக்கு, மாட்டுக்குத் தவிடு. இவை ஒரு பக்கம். எதிர்ப்பக்கத்தில் கைமாற்றுக் கணக்கு. யாருக்கு எவ்வளவு, என்ன ஈடு, எப்போது திரும்பியது, வட்டி எவ்வளவு. "அண்டா 1", "குத்துவிளக்கு 1", "வெள்ளி அரைஞாண் 1".

அதாவது ஆயா வட்டிக்கு விட்டிருக்கிறார்கள். மாதம் நூற்றுக்கு ஒன்றேகால். முப்பது வருடத்துக்கு மேல். அம்மாவுக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கிறது. பெரிய அம்மானுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. "இதை எழுதினால் ஆத்தாவை ஊர் என்ன நினைக்கும்?" என்கிறார். எனக்கோ இதை விட்டுவிட்டு ஆயாவைப் பற்றி எழுத வேறு ஒன்றும் உருப்படியாகத் தோன்றவில்லை.

நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

ரஸ்தா பெருசு (ஜூலை 6, இரவு 10.25)

நோட்டு இருந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை ஆத்தா. இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

வெளியூர் ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். நம் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) பக்கம் கல்யாணம் ஆன கொஞ்ச நாளில் மகனையும் மருமகளையும் 'வேறு வைத்து' விடுவார்கள். வீட்டை விட்டு வெளியே அனுப்புவது என்று அர்த்தம் இல்லை. அதே வீடு, அதே வளவு. அடுப்பு மட்டும் தனி. வருடத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று பெற்றவர்கள் ஒதுக்கிக் கொடுப்பார்கள். பதினாறு வயசுப் பெண் அதற்குள் ஒரு வருடத்தை ஓட்ட வேண்டும். நல்ல நாள், பெரிய நாளில்தான் எல்லோருக்கும் ஒரே அடுப்பு. இந்தப் பழக்கத்தால்தான் கணக்கு எழுதாத ஆச்சியே நம் பக்கத்தில் இல்லை.

இன்னொன்று. பெண்ணுக்குக் கொடுக்கிற சீதனப் பணம் பெரும்பாலும் யாராவது ஒருவர் வட்டிக்கடையில் அவள் பேரில் வரவு வைக்கப்பட்டு வட்டி ஏறிக்கொண்டிருக்கும். பர்மாவிலும் மலேயாவிலும் புழங்கிய முதலில் ஆச்சிமார் பணம் கணிசம். ஆம்பளைகள் பேர்தான் பலகையில் இருந்தது. உங்கள் அம்மான் வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது?

கல்பாசி (ஜூலை 7, காலை 6.15)

கணக்கு கிணக்கு எல்லாம் இருக்கட்டும். மலரில் ஒரு பக்கம் ஆயா கை வெள்ளைப் பணியாரத்துக்கு ஒதுக்குங்கள். எங்கள் அப்பத்தா அளவு சொல்கிறேன். தலைதட்டி ஓர் உழக்குப் பச்சரிசி, அதற்கு மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து எவ்வளவு நிற்குமோ அவ்வளவு. இரண்டையும் சேர்த்து ஊறவைத்து வெண்ணெயாக அரைக்க வேண்டும். உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை. ஒரு கரண்டி ஊற்றி அது எழும்பித் திரும்பிய பிறகுதான் அடுத்தது. இரண்டை ஒன்றாக ஊற்றினால் அப்பத்தா கரண்டியைப் பிடுங்கிவிடுவார்கள். தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல்.

உங்கள் ஆயா அளவு வேறா?

இரண்டாங்கட்டு (ஜூலை 7, மதியம் 1.05)

கல்பாசி, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். எங்கள் ஆயா சமையலில் சுமார். வெள்ளைப் பணியாரம் தட்டையாகத்தான் வரும். "மாவு சரியில்லை" என்று மாவின் மேல் பழி போடுவார்கள். கவுனி அரிசியை முதல் நாள் இரவு ஊறப்போட மறந்துவிட்டு, மறுநாள் கல்லாட்டம் கடித்துக்கொண்டு உட்கார்ந்த தீபாவளி எனக்கு நினைவிருக்கிறது. செட்டிநாட்டு ஆயா என்றதும் கைப்பக்குவம் என்று எழுதிவிடுகிறோம். எல்லா ஆயாவுக்கும் கைப்பக்குவம் இருந்தே தீர வேண்டுமா என்ன!

ஆனால் வடாம், வற்றல் போடுவதில் கெட்டி. அதிலும் கணக்குதான். முற்றத்தில் காயப்போட்ட மாங்காய் வற்றலை எண்ணி வைத்திருப்பார்கள். ஒன்பது வயதில் நான் நாலு வற்றல் திருடியதைச் சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். அடிக்கவில்லை. "நாலு வத்தல் ஒம் பேர்ல பத்து எழுதியிருக்கேன்" என்றார்கள். பத்து என்றால் கணக்கில் பற்று. போன மாதம் நோட்டுகளைப் புரட்டும்போது தேடினேன். உண்மையிலேயே எழுதியிருக்கிறார்கள்.

பெருசு அண்ணன் சொன்ன 'வேறு வைத்த' கதை ஆயா வாழ்க்கையில் முக்கியம். பிறந்தது 1931, கல்யாணம் 1946. ஐயா (ஆயாவின் கணவர்) 1948-ல் பினாங்குக்குப் போனார். அப்போது ஆயாவுக்குப் பதினேழு. வட்டிக்கடையில் சம்பள வேலை, மூன்று வருடத் தவணை. முடிந்து வந்தால் ஏழெட்டு மாதம் ஊரில், அப்புறம் மறுபடி கப்பல். இப்படியே 1970 வரைக்கும். 22 வருடத்தில் ஐயா வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் நாலு வருடம் தேறினால் அதிகம். மூன்று பிள்ளைகளும் பிறந்தபோது அவர் ஊரில் இல்லை.

பினாங்குப் பேரன் (ஜூலை 7, இரவு 8.50)

பினாங்கு என்றதும் உள்ளே வந்துவிட்டேன். எங்கள் ஐயாவும் அங்கேதான் கிட்டங்கியில் இருந்தார்.

வெளிநாட்டுக்குப் போனவர்கள் சொகுசாக இருந்தார்கள் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. கிட்டங்கி என்பது ஒரே நீளக்கூடம். ஆளுக்கு ஒரு பெட்டகம், ஒரு சாய்வு மேசை, ஒரு பாய். பகலில் அந்தப் பாய்தான் கடை, இரவில் அதுதான் படுக்கை. பல கடைகள் ஒரே கூடத்தில். சமையலுக்கு ஊரிலிருந்தே ஆள். பெண்கள் வருவதில்லை, அதுதான் வழக்கம். தைப்பூசம் வந்தால் தண்ணீர்மலை கோயிலுக்கு வெள்ளி ரதம் புறப்படும். 1894-ல் இங்கிருந்து போன ரதம் அது. வருடத்தில் அந்த இரண்டு மூன்று நாள்தான் வீட்டு ஞாபகம் இல்லாமல் இருக்குமாம்.

நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினால் பினாங்கு போய்ச்சேர ஒரு வாரம் போல ஆகும் என்பார். கடிதமும் அதே கப்பலில்தான் வரும். உங்கள் ஆயா கடிதம் ஏதாவது வைத்திருக்கிறார்களா?

ரங்கூன்தேக்கு (ஜூலை 8, காலை 11.30)

எல்லோரும் உருகுகிறீர்கள், உருகுங்கள். அந்த வட்டிப் பணத்தில் கட்டிய வீடுகள்தானே இவை? பர்மாவில் 1930-ல் உலக மந்தம் வந்து நெல் விலை விழுந்தபோது கடன்பட்ட விவசாயிகளின் நிலம் யார் கைக்குப் போனது? கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம் 1938-ல் 25 பங்கு ஆனது. ஊரில் ஆயா அண்டாவை ஈடு பிடித்தார்கள், அங்கே ஐயா வயலை ஈடு பிடித்தார். நினைவு மலரில் இதையும் போடுங்கள்.

ரஸ்தா பெருசு (ஜூலை 8, மதியம் 12.10)

தம்பி, நீர் சொன்ன கணக்கு சரி. நான் மறுக்கவில்லை. அந்த நிலமும் நிலைக்கவில்லை. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது கால்நடையாக ஓடிவந்தவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. 1948-ல் பர்மாவில் நில தேசியமயச் சட்டம் வந்தது. 1964-ல் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளைச் செல்லாது என்றார்கள். மிச்சம் இருந்ததும் அத்தோடு சரி.

ஆனால் பினாங்கில் பெட்டியடியில் (கடைக் கல்லாவில்) சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்த ஒருவரின் மனைவியை, பர்மா வயலுக்குப் பதில் சொல்லச் சொல்கிறீரே, அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

ரங்கூன்தேக்கு (ஜூலை 8, மதியம் 12.22)

பதில் சொல்லச் சொல்லவில்லை. மறைக்காதீர்கள் என்கிறேன். அந்தப் பெண்ணும் அதைத்தானே கேட்கிறார்?

நெறியாளர் (ஜூலை 8, மதியம் 12.40)

பர்மா விவாதத்துக்குத் தனி இழை ஏற்கெனவே இருக்கிறது, அங்கே தொடருங்கள். இங்கே ஆயாவைப் பற்றிப் பேசுவோம்.

கண்மாய்க்கரை (ஜூலை 8, இரவு 9.15)

நான் நகரத்தார் இல்லை. எங்கள் அப்பத்தா அந்த நோட்டின் எதிர்ப்பக்கத்தில் இருந்தவர். உங்கள் ஆயாவின் நோட்டில் இல்லை, பக்கத்து ஊரில் வேறு ஓர் ஆச்சியின் நோட்டில்.

எங்களுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் முக்கால் ஏக்கர். கண்மாய் நிறைந்த வருடம் சாப்பாடு, நிறையாத வருடம் கடன். அப்பாவை பாலிடெக்னிக்கில் சேர்க்கப் பணம் இல்லாமல் அப்பத்தா கல்யாணத்துக்கு வந்த பித்தளை அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு ஆச்சி வீட்டுப் பின்கட்டுக்குப் போனார். முகப்பு வழியாகப் போக முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். திண்ணையைத் தாண்டி எங்கள் ஆட்கள் யாரும் அந்த வீட்டுக்குள் போனதில்லை.

வட்டி கறார்தான். ஒரு மாதம் தள்ளிப்போனால் ஆள் வந்துவிடும். ஆனால் ஒன்று. தைப் பொங்கலுக்கு முதல் நாள் ஆச்சி அண்டாவைத் திருப்பி அனுப்பிவிடுவார். "நல்ல நாளும் அதுவுமாக வீட்டில் அண்டா இல்லாமல் எப்படி" என்பாராம். மாட்டுப் பொங்கல் கழிந்த மறுநாள் அப்பத்தா புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று மறுபடி கொண்டுபோய் வைத்துவிடுவார். ஏழு வருடம் அந்த அண்டா இப்படிப் போய்ப் போய் வந்தது. அப்பா வேலைக்குப் போன முதல் வருடம்தான் அது வீட்டிலேயே தங்கியது.

அந்த ஆச்சியை அப்பத்தா நல்லவர் என்றும் சொன்னதில்லை, கெட்டவர் என்றும் சொன்னதில்லை. "கணக்குத் தெரிஞ்ச மனுசி" என்று மட்டும் சொல்வார்.

எழுதுங்கள். அந்தப் பக்கத்தை நீங்கள் கிழித்துவிட்டால் எங்கள் அப்பத்தா இருந்ததற்கும் எழுத்தில் ஒரு சாட்சி இல்லாமல் போகும்.

கல்பாசி (ஜூலை 8, இரவு 9.50)

பணியாரத்தை விட்டுவிட்டேன். நானும் எழுதுங்கள் கட்சி.

இரண்டாங்கட்டு (ஜூலை 10, இரவு 11.20)

கண்மாய்க்கரை, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "நம்ம வீட்டுலயும் பின்கட்டு வழிதான்" என்றார். அவ்வளவுதான்.

உங்கள் பதிவுக்குப் பிறகு நோட்டை வேறு மாதிரி வாசித்தேன். ஆயா வீட்டில் அண்டா திரும்பிப் போனதாக எதுவும் இல்லை. எங்கள் ஆயா அந்த ஆச்சி அளவுக்கு இளகியவர்கள் இல்லை போலிருக்கிறது. ஆனால் சில பேருக்கு எதிரே வட்டிக் கட்டம் காலியாக இருக்கிறது. முதலில் விட்டுப்போனது என்று நினைத்தேன். எல்லாமே பிரசவச் செலவு என்று குறித்தவை. தனியாகப் பெற்றுப் பிழைத்தவர்கள் இல்லையா, அதற்கு மட்டும் வட்டி போடத் தோன்றவில்லை போல. இது என் ஊகம்தான்.

பினாங்குப் பேரன், கடிதம் ஒன்றுகூட இல்லை. ஐயா தவறிய பிறகு ஆயாவே எரித்துவிட்டதாக அம்மா சொல்கிறார். ஆனால் "கடுதாசி வந்தது" என்று தேதியோடு நோட்டில் இருக்கிறது. மேலே மிளகாய்ப் பொடி அரைத்த கூலி, கீழே மண்ணெண்ணெய், நடுவில் கடுதாசி. 1957-ல் நயா பைசா வந்தது. ஆயா 1961 வரை ரூபாய், அணா, பை என்றே எழுதுகிறார்கள். பைசாவில் யாராவது கணக்குச் சொன்னால் அதை அணாவாக மாற்றி, அப்புறம்தான் எழுதுவார்களாம். மாகாணி, அரைக்கால், முந்திரி வாய்ப்பாடு தொண்ணூறு வயதிலும் மறக்கவில்லை. காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்பது மறந்துபோன நாட்களில்கூட, "முந்திரிங்கறது முந்நூத்து இருபதுல ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு இன்னொரு பக்கம்தான் தொண்டையில் நிற்கிறது. ஐயா 1979-ல் தவறினார். அதுவரை வருடா வருடம் கோயிலுக்குப் புள்ளிவரி கட்டியது நோட்டில் "புள்ளி 1" என்று இருக்கிறது. 1980-ல் இருந்து "அரைப்புள்ளி". ஐயா பினாங்கில் இருந்த 22 வருடமும் வீட்டை நடத்தியது இந்த அரைதான். அதே கையெழுத்து. எழுத்து கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

ரஸ்தா பெருசு (ஜூலை 11, காலை 7.30)

வெளியூர்க்காரர்களுக்காக: நகரத்தாரில் கல்யாணமான தம்பதி கோயிலில் ஒரு புள்ளி. வரியும் உரிமையும் அதை வைத்துத்தான். இணையில் ஒருவர் போய்விட்டால் அரைப்புள்ளி. எங்கள் ஊரில் பெண்சாதி போன ஆம்பளைக்கும் அரைதான் ஆத்தா. எனக்கும் இப்போது ஆறு வருடமாக அரைதான்.

இரண்டாங்கட்டு (ஜூலை 11, காலை 8.05)

மன்னித்துவிடுங்கள் அண்ணன். தெரியாமல் பேசிவிட்டேன்.

ரஸ்தா பெருசு (ஜூலை 11, காலை 8.20)

அதெல்லாம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு, அதை நானே ஒத்துக்கொள்கிறேன். நான் அரையான பிறகும் கல்யாண வீட்டில் முதல் வரிசையில்தான் உட்காருகிறேன். எங்கள் ஆத்தா அரையான பிறகு இரண்டாங்கட்டை, அதாவது வீட்டின் உள்பகுதியை, தாண்டி வரவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்கூட வரவில்லை. எழுதினால் அதையும் எழுதுங்கள்.

உங்கள் பேரின் அர்த்தம் இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

ரங்கூன்தேக்கு (ஜூலை 11, காலை 10.00)

நான் முதலில் கொஞ்சம் காரமாகப் பேசிவிட்டேன். மலர் அச்சானதும் பக்கத்தை இங்கே போடுங்கள், வாசிக்க ஆசை.

பினாங்குப் பேரன் (ஜூலை 11, இரவு 9.30)

நோட்டுகளை ஸ்கேன் செய்துவிடுங்கள். அந்தக் காலக் காகிதம் மடிப்பில் உடையும். நாப்தலின் உருண்டை வேண்டாம், காய்ந்த வேப்பிலை போதும். பழைய சாமான் வாங்குகிறவர்கள் அண்டா, மங்குச் சாமானுக்குத்தான் விலை சொல்வார்கள், நோட்டு பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். எங்கள் வீட்டுப் பேரேடுகள் அப்படித்தான் போயின. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் எங்கள் விலாசம் (குடும்பத்து முதலெழுத்துகள்) வெட்டிய தூக்குச்சட்டியை நானே பார்த்திருக்கிறேன். விலை கேட்டேன். வாங்கவில்லை, வாங்கியிருக்கலாம்.

இரண்டாங்கட்டு (ஆகஸ்ட் 30, இரவு 10.10)

இழையைக் கிடப்பில் போட்டதற்கு மன்னிக்கவும். போன வாரம்தான் ஆண்டு நினைவு முடிந்தது.

மலர் வந்துவிட்டது. பெரிய அம்மானோடு மூன்று வாரம் சண்டை. கடைசியில் ஒரு உடன்பாடு. 'வட்டி' என்ற சொல் என் கட்டுரையில் ஒரே ஒரு முறைதான் வரும். அதற்குப் பதிலாக நோட்டின் ஒரு பக்கத்தை அப்படியே படமாகப் போட அவர் சம்மதித்தார். கடன் வாங்கியவர்கள் பேரை மறைத்துவிட்டோம். படத்தில் 'வட்டி' ஏழு முறை வருகிறது. அம்மான் அதை எண்ணவில்லை. அவர் ஆயாவுக்குப் பிள்ளை என்று எப்படித்தான் சொல்லிக்கொள்கிறாரோ!

தட்டைப் பணியாரத்தை எழுதினேன். தராசுத் தட்டை எழுதினேன். பின்கட்டு வழியை எழுதினேன். கண்மாய்க்கரை, அந்த வரிக்கு நீங்கள்தான் காரணம். அரைப்புள்ளியையும் எழுதினேன். பெருசு அண்ணன் சொன்னது போல, ஐயா தவறிய பிறகு ஆயா முகப்புக்கு வராததையும் சேர்த்தேன். அந்தப் பத்தியை வாசித்துவிட்டு அம்மான் எழுந்து வெளியே போய்விட்டார். திருத்தச் சொல்லவில்லை.

அன்றைக்கு நடந்த ஒன்றைச் சொல்லத்தான் வந்தேன். சாப்பாடு நடந்துகொண்டிருக்கும்போது எழுபது எழுபத்தைந்து வயது இருக்கும் ஓர் அம்மா வந்தார். பழக்கத்தில் நேரே பின்கட்டுக்குப் போயிருக்கிறார். அம்மா போய்க் கையைப் பிடித்து முகப்பு வழியாகக் கூட்டிவந்தார். மலரை யாரோ கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு வாசிக்கத் தெரியாது, படத்தில் நோட்டைப் பார்த்துவிட்டு, "ஆச்சி நோட்டு இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றோம். இடுப்பில் முடிந்திருந்த நாலு பத்து ரூபாய்த் தாள்களை எடுத்து நீட்டினார். மூத்த மகளின் பிரசவத்துக்கு வாங்கியதில் நாற்பது ரூபாய் நின்றுபோய்விட்டதாம்.

அம்மான் பதறிவிட்டார். வேண்டவே வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கள் என்றார். அந்த அம்மா விடவில்லை. "ஆச்சி இருந்தா வாங்காம விடுவாகளா?" என்றார்.

ஒன்பதாவது நோட்டை எடுத்து வந்தேன். பக்கம் இருந்தது. நாற்பது நிலுவை. வட்டிக் கட்டம் காலி. அதன் கீழே வரவு 40 என்று என் கையெழுத்தில் எழுதித் தேதி போட்டேன். அவர் குனிந்து பார்த்து, ரப்பர் வளையல் போட்ட கையால் அந்த வரியைத் தடவினார். அப்புறம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

கல்பாசி (ஆகஸ்ட் 30, இரவு 10.35)

பந்தியில் என்ன போட்டீர்கள்?

இரண்டாங்கட்டு (ஆகஸ்ட் 30, இரவு 10.40)

வெள்ளைப் பணியாரம் உண்டு. உங்கள் அப்பத்தா அளவு. நன்றாக எழும்பிவிட்டது. ஆயா இருந்திருந்தால் இத்தனை எண்ணெய் ஏன் என்று கேட்டிருப்பார்கள்.

கண்மாய்க்கரை (ஆகஸ்ட் 30, இரவு 11.05)

வட்டி வாங்காமல் விட்டுவிட்டீர்களே, ஆயா கோபித்துக்கொள்ளப் போகிறார்.

இரண்டாங்கட்டு (ஆகஸ்ட் 30, இரவு 11.12)

மூன்று முழம் மல்லிகைப்பூவும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்திருந்தார். ஆயா படத்துக்குப் பூவைப் போட்டுவிட்டோம். பழத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று அம்மான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.